பத்து மணிப் பசி

பேருந்துப் பணிமனையின் உணவுக்கூடத்தில் பதினொரு வருடமாக அவள்தான் தலைமைச் சமையல்காரி. முந்நூற்று நாற்பது பேர் சாப்பிடுகிற இடம் அது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், என்ஜினுக்கு அடியில் மல்லாந்து கிடக்கிற மெக்கானிக்குகள், பெயின்ட் அடிக்கிறவர்கள், வண்டி கழுவுகிறவர்கள் என்று அத்தனை பேருக்கும் மதியச் சாப்பாடு அவள் கையால்தான். அவளை அங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தராசக்கா என்றால்தான் தெரியும்.

இத்தனைக்கும் அவள் சமையலறையில் தராசு என்று ஒன்று இருந்ததே இல்லை. இன்றைக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு என்பதைத் தன் வயிற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்வாள். காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் டீ. அதன் பிறகு பத்து மணிவரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. பத்து அடித்ததும் சமையலறை வாசலில் வந்து நிற்பாள். பணிமனைப் பக்கம் ஒரு பார்வை, வானத்தை ஒரு பார்வை, பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷ யோசனை. இன்னும் பத்துப் படி போடு என்பாள், அல்லது போதும், மூட்டையைக் கட்டு என்பாள். மழை நாளில் அவளுக்குப் பசி கூடும். அன்றைக்குப் பணிமனைக்கே கூடியிருக்கும். புழுங்குகிற நாளில் அவளுக்குச் சோறு பிடிக்காது, அவர்களுக்கும் பிடிக்காது. பதினொரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பற்றாக்குறை வந்ததில்லை, மிச்சம் ஒரு வாளியைத் தாண்டியதில்லை. படித்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

அவள் எடை நூற்று நான்கு கிலோ, உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். குண்டானவர்களைக் கண்டால் ஊரில் எல்லாருமே வைத்தியர்கள்தான். பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவரில் தொடங்கி செருப்புக் கடைக்காரர் வரைக்கும் அவளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். எல்லாருடைய புத்திமதியும் கடைசியில் ஒன்றுதான்: வாயைக் கட்டு. கட்டாமலா இருந்தாள்? ஒரு வருடம் வெறும் காய்கறிச் சூப்பிலேயே காலம் தள்ளிப் பன்னிரண்டு கிலோ குறைத்தாள். எட்டே மாதத்தில் பதினைந்து கிலோ ஏறி உட்கார்ந்தது. மூன்று தடவை முயன்றாள், மூன்று தடவையும் அதே கதிதான். பிறகு விட்டுவிட்டாள். யார் என்ன சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விடப் பழகிக்கொண்டாள்.

அவளுக்கு ஒரே தம்பி. ஏழு வயது இளையவன், வண்டிகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது இவள்தான். அவனுக்கு முப்பத்தாறு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு அவனைக் கட்டிப்போட்டார்கள். மீதி நாட்களில் அந்தக் களைப்பிலேயே படுத்துக் கிடந்தான். இப்படியே மூன்று வருடம் போயிற்று. தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கத் தம்பி மனைவி முன்வந்தாள், அவள் ரத்தம் பொருந்தவில்லை. இவளுடையதைச் சோதித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு தைத்த சட்டை அப்படியே பொருந்தியது போல எல்லாம் பொருந்தியது. சர்க்கரை நோய் இல்லை, ரத்த அழுத்தம் இல்லை. இடித்தது எடை மட்டும்தான்.

சிறுநீரக டாக்டர் ஒரு கறாரான பெண்மணி. பூசி மெழுகுகிற வழக்கமே கிடையாது. உடம்பு இவ்வளவு கனமாக இருந்தால் அறுவை சிகிச்சையில் ஆபத்து அதிகம், பிறகு மிச்சம் இருக்கும் ஒற்றைச் சிறுநீரகத்தின் மேல் பாரமும் அதிகம் என்று விளக்கினார்.

"உங்க தம்பியப் பிழைக்க வைக்கிறதுக்காக நாளைக்கு உங்கள நோயாளியாக்க முடியாது. இந்த எடையில நான் கத்தி வைக்க மாட்டேன்" என்றார்.

"எவ்வளவுக்கு வந்தா வைப்பீங்க?"

"எண்பத்தஞ்சுக்குக் கீழ."

"எழுதிக் குடுங்க."

டாக்டருக்குப் புரியவில்லை. எண்பத்தைந்துக்குக் கீழே வந்தால் ஆபரேஷன் செய்கிறேன் என்று கைப்பட எழுதித் தர வேண்டுமாம். நாளைக்கு வேறொரு டாக்டர் வந்து வேறொரு கணக்குச் சொன்னால் என்ன செய்வது? டாக்டர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

எடை குறைப்பதற்கென்று இருந்த பிரிவுக்கு அவளை அனுப்பினார்கள். அங்கே வாரம் ஒரு ஊசி என்றார்கள். விலையைக் கேட்டதிலேயே பாதிப் பசி போய்விட்டது என்று பின்னால் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அன்றைக்கு அந்த நர்ஸ் சொன்ன விஷயத்தைக் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நாம் சாப்பிட்டதும் குடலிலிருந்து ஒரு சுரப்பு கசிந்து ரத்தத்தில் கலக்கிறது, அது மூளைக்குப் போய், போதும், தட்டை எடு என்று சொல்கிறது, அப்போதுதான் கை தானாக நிற்கிறது என்றாள் நர்ஸ். ஆனால் அந்தச் சுரப்பின் ஆயுள் ஓரிரு நிமிஷம்தான். உடம்பே அதை உடைத்துப் போட்டுவிடும். ஊசியில் இருப்பது அதே சாயலில் செய்த மருந்து, சீக்கிரம் உடையாதபடி திருத்தி வைத்தது, ஒரு வாரம் தாங்கும். மூளையில் பசியைக் கவனிக்கிற இடத்திலும், சாப்பாட்டின் மேல் ஆசை எழுகிற இடத்திலும் அது வேலை செய்கிறது. இரைப்பை காலியாவதையும் மெதுவாக்குகிறது. அதனால்தான் நாலு வாய் சாப்பிட்டாலே நெடுநேரம் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். முன்பு பட்டினி கிடந்து குறைத்ததெல்லாம் ஏன் திரும்பி வந்தது? நர்ஸ் அதற்கும் பதில் வைத்திருந்தாள். எடை குறைந்ததும் உடம்பு பயந்துபோகும். பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துப் பசியைக் கூட்டும், செலவைக் குறைக்கும். இழந்ததைத் திரும்பப் பிடிக்கிற வரைக்கும் விடாது. சிலருக்கு இந்தப் பிடிவாதம் பிறவியிலேயே அதிகம்.

"அது உங்க தப்பு இல்லம்மா" என்றாள் நர்ஸ்.

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒருத்தி இதைச் சொல்கிறாள். தராசக்காவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. செருப்புக் கடைக்காரரில் தொடங்கி யார் யாரெல்லாம் அவளுக்கு உபதேசம் செய்தார்களோ, அத்தனை பேரையும் வரிசையாக நிற்கவைத்து இந்த நர்ஸைப் பேசச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

முதல் ஊசியை நர்ஸே போட்டாள். தொப்புளுக்கு அந்தண்டை, எறும்பு கடித்த அளவு வலி. அடுத்த வாரத்திலிருந்து தானே போட்டுக்கொண்டாள். குறைந்த அளவில் தொடங்கி மாதா மாதம் கூட்டுவார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டலில் உயிர் போயிற்று. எண்ணெய் காய்கிற வாசனை மூக்கில் பட்டாலே கொல்லைப்பக்கம் ஓடுவாள். சமையல்காரிக்கு எண்ணெய் வாசனை ஆகாதென்றால் மீன்காரிக்கு மீன் ஆகாத கதைதான். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வதக்கினாள். மலச்சிக்கல் வேறு. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டாம்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று கையை நிறுத்தினாள். தலைக்குள் ஏதோ ஒரு சத்தம் நின்றுபோயிருந்தது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் மனதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த எண்ணம் ஒன்று உண்டு: அடுத்து என்ன சாப்பிடலாம், அலமாரியில் என்ன இருக்கிறது, நேற்று வைத்த மிச்சம் என்ன ஆயிற்று. சாப்பிட்டு எழும்போதே அது மறுபடியும் ஆரம்பித்துவிடும். உலகத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அன்றைக்கு அது இல்லை. மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் நிம்மதியாக வாழ்கிறார்களா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஆற்றாமைப்பட நேரமில்லை. வெங்காயம் இன்னும் அரை மூட்டை இருந்தது.

அளவைக் கூட்டிய ஐந்தாவது வாரம் வந்தது வினை. மழை பிடித்துக்கொண்ட நாள். பத்து மணிக்கு வழக்கம்போல வாசலில் வந்து நின்றாள், வயிற்றில் கை வைத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லை. பசியும் இல்லை, பசி வரப்போகிற அறிகுறியும் இல்லை. வாந்தி நின்றதே போதும் என்கிற சந்தோஷத்தில், அந்த வயிறு இப்போது மருந்தின் வசம் இருக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. பதினொரு வருடப் பழக்கம். போதும், மூட்டையைக் கட்டு என்றாள். கூடச் சமைக்கிறவள் ஒருத்தி, வாய் ஓயாமல் பேசுவதால் வானொலி என்று பெயர் வாங்கியவள், மழையாக இருக்கிறதே அக்கா என்று இழுத்தாள். தராசக்கா முறைத்ததும் மூட்டையைக் கட்டிவிட்டாள்.

ஒன்றே கால் மணிக்குப் பெயின்ட் பிரிவு ஆட்கள் வந்து வரிசையில் நின்றார்கள். கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் அறுபது பேருக்குச் சோறு இல்லை. கடைக்கு ஆள் அனுப்பி ரொட்டி வாங்கி, கையில் கிடைத்த முட்டையை எல்லாம் அவித்துப் போட்டுச் சமாளித்தார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். அதெல்லாம் அவளுக்கு உறைக்கவில்லை. இரண்டு மணி வண்டியை எடுக்க வேண்டிய ஓட்டுநர் ஒருவர், காத்திருக்க நேரமில்லாமல், தட்டைத் திரும்பவும் அடுக்கில் வைத்துவிட்டுப் போனார். அந்த முதுகுதான் அவளைக் குடைந்தது. எட்டு மணி நேரம் வண்டி ஓட்டப்போகிற மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்பிவிட்டோமே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

உணவுக்கூட மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அறுபது பேர் பட்டினி என்றால் நல்ல மனிதருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

"இத்தனை வருஷமா உங்க வயித்த நம்பித்தான் இந்த அடுப்பு எரிஞ்சுது. இப்ப அது லீவுல போயிருச்சு. ஊசிய விடுங்க, இல்லன்னா காய் நறுக்குற மேசைக்குப் போங்க" என்றார்.

"ஊசியையும் விட மாட்டேன், மேசைக்கும் போக மாட்டேன் சார். ஒரு மாசம் குடுங்க."

எதற்காக ஊசி என்பது அவருக்கும் தெரியும். கொடுத்தார்.

முதலில் அவளுக்குத் தோன்றிய வழி, தன் பசி போனால் என்ன, அடுத்தவள் பசி இருக்கிறதே என்பது. இனிமேல் பத்து மணிவரை நீ எதையும் வாயில் போடக் கூடாது என்று வானொலிக்கு உத்தரவு போட்டாள். காலையிலிருந்து எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிற ஜென்மம் அது. எட்டு மணிக்கே கண் இருட்டுகிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டது. பத்து மணிக்கு அவள் சொன்ன அளவில் சமைத்ததில் அன்றைக்கு இரண்டு அண்டாச் சோறு மிஞ்சிப்போயிற்று. பசியிலும் பொய்ப் பசி உண்டு என்று தராசக்கா அன்று தெரிந்துகொண்டாள்.

கடைசியில் உதிரிபாகக் கிடங்குக்குப் போய், நட்டும் போல்ட்டும் நிறுக்கிற பழைய தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். வெந்நீரும் சோப்பும் போட்டு மூன்று தடவை கழுவினாள். அப்படியும் கிரீஸ் வாசனை லேசாக அடித்தது. மூன்று வாரம் தட்டுக் கழுவுகிற இடத்திலேயே நின்று, யார் மறுசோறு கேட்கிறார்கள், யார் மிச்சம் வைக்கிறார்கள் என்று பார்த்தாள். ஒன்பது மணிக்குள் வாசல் காவலரிடம் அன்றைய ஆள் எண்ணிக்கையை வாங்கினாள். ஓர் ஆளுக்கு நூற்று எழுபது கிராம் அரிசி, மழையென்றால் பதினைந்து கிராம் கூட, புழுக்கமென்றால் இருபது குறைய என்று கணக்குப் பிடிபட்டது. உப்புப் பார்க்கிற வேலை வானொலிக்குப் போயிற்று. தராசக்கா தராசு வாங்கிவிட்டாள் என்று பணிமனையே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் தான் பெருமையாகச் சுமந்த ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டோம் என்பது அவளுக்கு வலிக்காமல் இல்லை.

இதற்கிடையில் தம்பி வீட்டில் ஒன்று நடந்தது. வாரம் தவறாமல் அவனுக்குப் பார்த்துப் பார்த்து உப்பில்லாமல் சமைத்து எடுத்துக்கொண்டு போவாள். மூன்று வருடமாக அவன் சாப்பாட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். இவள் விடமாட்டாள். ரெண்டே வாய் என்பாள், எனக்காக ஒரு வாய் என்பாள், கெஞ்சுவாள், திட்டுவாள், ஒரு தடவை தட்டைத் தூக்கி எறிந்தும் இருக்கிறாள். தின்னாமல் அடம்பிடித்தே சாகப் பார்க்கிறான் என்பது அவள் எண்ணம். அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் இரண்டு தட்டு வைத்து அவன் எதிரே உட்கார்ந்தாள். ஒரு பிடி எடுத்து வாயருகே கொண்டுபோனாள், உள்ளே போகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவனும் அதே மாதிரி பிடித்த பிடியோடு உட்கார்ந்திருந்தான்.

"எனக்காகப் பட்டினி கெடக்காதக்கா" என்றான் அவன்.

"பட்டினி இல்லடா. பசியே இல்ல. ரெண்டும் வேற."

"அதத்தான் நான் மூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன். எனக்கு யாரும் ஊசி போடல, அவ்வளவுதான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தத்தில் அழுக்கு சேர்ந்தால் பசி செத்துப்போகும், நாக்கில் தகரம் போல ருசி தட்டும் என்று டாக்டர்கள் சொல்லாமல் இல்லை. கேட்டுக்கொண்டாள், ஆனால் நம்பவில்லை. முந்நூற்று நாற்பது பேர் பசியை அறிந்தவள், கூடப் பிறந்தவனின் பசியின்மையை அறியாமல் போனாளே. "உன்னப் போட்டு எவ்வளவு படுத்திட்டேன்" என்றாள். அவன் சிரித்தான். அதுவரைக்கும் உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம், உன் உடம்பைப் பார் என்று முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எடை இறங்கியது, ஆனால் அது ஒரே சீராக இறங்கவில்லை. ஐந்து மாதத்தில் தொண்ணூற்றொன்றுக்கு வந்து, அங்கேயே ஆணி அடித்த மாதிரி ஆறு வாரம் நின்றது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கொழுப்போடு சதையும் கரைகிறது, அதை விடக் கூடாது என்று நர்ஸ் எச்சரித்தாள். பசி இல்லாவிட்டாலும் நேரத்துக்கு முட்டையும் பருப்பும் மீனும் மருந்து மாதிரி விழுங்க வேண்டும், நடக்க வேண்டும், கனம் தூக்க வேண்டும். கனம் தூக்குவது அவளுக்குப் புதிதா என்ன, அண்டாவைத் தூக்கினாள். அவள் கணவர் தச்சர், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர். தினமும் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். அவள் வெளியே வந்ததும் கூடவே நாலு கிலோமீட்டர் நடப்பார். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் அப்படி நின்ற நிற்புக்காகவே பல நாள் அவள் நடந்தாள்.

பதினோராம் மாதம் தராசு எண்பத்து நான்கே முக்காலைக் காட்டியது. அவள் டாக்டரின் மேஜை மேல் சீட்டை விரித்து வைத்தாள். மடிப்பு மடிப்பாக நைந்துபோயிருந்தது.

டாக்டர் நாள் குறித்தார், ஐந்து வாரத்தில். கூடவே ஒரு குண்டையும் போட்டார். ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பே ஊசியை நிறுத்திவிட வேண்டும். இந்த மருந்து இரைப்பையை மெதுவாகத்தான் காலியாக விடும். மயக்கம் கொடுக்கிற நேரத்தில் உள்ளே சாப்பாடு தங்கியிருந்தால், அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடலாம், உயிருக்கே ஆபத்து. ஊசி நிற்பதால் ஒரு கிலோ சலுகை உண்டு, ஆனால் மருத்துவமனையில் சேர்க்கிற நாளன்று எடை எண்பத்தாறைத் தாண்டியிருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அடுத்த இடம் எப்போது என்று சொல்ல முடியாது.

தள்ளிப்போட நேரம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். தம்பிக்கு மெஷினோடு இணைக்கிற குழாய் செருகிய இடம் இரண்டு தடவை சீழ் வைத்துவிட்டது. இரண்டாம் தடவை ஒன்பது நாள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். மூன்றாவது தடவை வந்தால் தாங்குவானா என்று தம்பி மனைவி கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அவள் தராசக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, உங்களால முடியுமா?" என்றாள்.

"பதினோரு மாசம் மருந்து பாத்துக்கிச்சு. இந்த மூணு வாரம் நான் பாத்துக்கிறேன்" என்றாள் தராசக்கா.

ஊசி நின்ற பத்தாம் நாள் பசி திரும்பியது. லேசாகக் கதவைத் தட்டிக்கொண்டு வரவில்லை, உடைத்துக்கொண்டு வந்தது. காலையில் அரிசி கொதிக்கிற வாசனைக்குக் கை தானாகப் போய் அண்டாவின் மூடியைத் திறந்தது. தலைக்குள் நின்றுபோயிருந்த அந்தச் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது, முன்னைவிடப் பலமாக. அடுத்து என்ன, அலமாரியில் என்ன, அண்டாவில் என்ன. உலகத்தில் வேறு யாராவது இந்த நிலைமையில் இருந்தால் சமையலறைப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அவளுக்கோ தினமும் எட்டு மணி நேரம் அதற்குள்ளேதான் வேலை. லீவு போடச் சொன்னார் மேலாளர். வீட்டிலும் சமையலறை இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டாள்.

மனவுறுதி இருந்தால் ஊசி எதற்கு என்று சிலர் இந்த இடத்தில் கிளம்புவார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரம் மூச்சைப் பிடித்துக்கொள்ளலாம், முப்பது வருடம் பிடிக்க முடியாது. அவள் தாங்கியது மூன்று வாரத்தை. அதற்கே என்ன பாடுபட்டாள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ருசி பார்க்கிற கரண்டியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தாள். தன் சாப்பாட்டைச் சமையலறையில் வைத்துச் சாப்பிடாமல், தட்டோடு போய் வரிசையில் நின்றாள். கேட்டாலும் மறுபடி போடாதே, கெஞ்சினாலும் போடாதே என்று வானொலியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

பதினேழாம் நாள் அந்தச் சத்தியத்துக்குச் சோதனை வந்தது. காலையிலேயே நிறுத்துப் பார்த்திருந்தாள்: எண்பத்தைந்து புள்ளி ஏழு. எண்பத்தாறைத் தொட இன்னும் முந்நூறு கிராம்தான் இடைவெளி, நான்கு நாள் இருக்கிறது. மதியம் சாப்பிட்டு முடித்த தட்டோடு திரும்பவும் வானொலியின் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கரண்டி" என்றாள்.

வானொலிக்குக் கை ஓடவில்லை. பன்னிரண்டு வருடம் கூட வேலை செய்தவள், ஒரு நாளும் தனக்கென்று எதையும் கேட்காதவள், தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"போட மாட்டேங்க்கா. என்ன வேணா திட்டிக்குங்க" என்றாள் வானொலி. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

தராசக்கா திட்டத்தான் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். தட்டைக் கொண்டுபோய்த் தானே கழுவி வைத்தாள். பணிமனையைச் சுற்றி, பழுதான வண்டிகள் நிற்கிற மைதானத்தைச் சுற்றி, மூன்று சுற்று நடந்தாள். நாலாவது சுற்றில் வானொலியும் கூட வந்து சேர்ந்துகொண்டாள். அதிசயமாக, பேசாமல் நடந்தாள்.

சேர்க்கிற நாளன்று மருத்துவமனைத் தராசு எண்பத்தைந்து புள்ளி எட்டு காட்டியது. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். தராசக்கா இறங்கவில்லை. இன்னொரு தடவை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் வலிதான். வலது பக்கமா இடது பக்கமா என்றுகூடத் தெரியாத வலி. உங்கள் சிறுநீரகம் தம்பியின் உடம்பில் மேஜையிலேயே வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று வார்டு நர்ஸ் சொன்னது எங்கோ தொலைவில் கேட்டது. அதற்குப் பிறகு நன்றாகத் தூங்கினாள். அடுத்த நாள் டாக்டர் வந்து, காயம் ஆறியதும் ஊசியைத் திரும்பத் தொடங்கலாமா, நிறுத்தினால் எடை ஏறும் என்பதுதான் நிஜம், முடிவு உங்களுடையது என்றார். ஆரம்பித்துவிடுங்கள், இருக்கிற ஒன்றை நான்தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

நான்காம் நாள் அவளை நடக்க விட்டார்கள். முகமூடி கட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரையும் மறு கையால் கணவரின் தோளையும் பிடித்து, அடிமேல் அடி வைத்துத் தம்பியின் அறைக்குப் போனாள். இருபது அடி தூரத்துக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. அவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூன்று வருடமாக முகத்தில் படிந்திருந்த அந்தச் சாம்பல் நிறம் விலகத் தொடங்கியிருந்தது. தம்பி மனைவி ஜன்னலோரம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். நன்றி, அழுகை என்று ஏதாவது ஆரம்பித்தால் அதட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

அவன் நன்றி சொல்லவில்லை. இவளைப் பார்த்ததும், ஏதோ வெட்கப்பட்டவன் போல ஒரு கணம் தயங்கினான்.

"அக்கா, பசிக்குது" என்றான்.

தம்பி மனைவியின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. சரியாகத்தான் கேட்டோமா என்று அக்கா அவனையே பார்த்தாள். அவளுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்தானோ என்னவோ, அவன் இன்னொரு தடவை சொன்னான். ரொம்பப் பசிக்குது என்றான்.

அவள் கணவரின் தோளை விட்டாள். கதவுப் பக்கம் திரும்பி, இவனுக்குச் சாப்பிட ஏதாவது கொண்டு வாருங்கள் என்று வராந்தாவே அதிரும்படி கத்தினாள். தையல் சுரீரென்று இழுத்தது. இப்படியெல்லாம் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே எங்கிருந்தோ நர்ஸ் ஓடி வந்தாள். தராசக்கா வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், இன்னொரு தடவை கத்தினாள்.